காஸ்மெடிக் கிராக்

மேஸ்திரி: கவலைப்படாதீங்க டீச்சரம்மா. இஞ்சினியரே பார்த்துட்டாரு. சுவத்துல இருக்கிறது வெறும் காஸ்மெடிக் கிராக்காம். பட்டி வெச்சுப் பெயிண்ட் அடிச்சா காணாமப் போயிடும்.

டீச்சர்: எட்டணா காசு உள்ள போயிடுச்சு மேஸ்திரி. காலையில ஒரு பல்லி குடும்பத்தோட குடி போயிருக்கு. இது காஸ்மெடிக்கா?

மேஸ்திரி: காஸ்மெடிக்னா மேலோட்டம்னு அர்த்தம்ங்க.

டீச்சர்: அது இங்கிலீஷ்ல, அதுவும் பிற்பாடு வந்தது. மூலம் கிரேக்கம். காஸ்மோஸ்னா ஒழுங்கு. ஹோமர் பாடின பழைய கிரேக்கக் காவியம் இலியட்ல, படைத்தலைவன் அகமெம்னானுக்கும் அவன் தம்பிக்கும் 'காஸ்மெட்டோர்'னே பட்டம். படையை வரிசையா நிறுத்துறவன்.

மேஸ்திரி: (மீசையை நீவி) நானும் ஆறு சித்தாளை நிறுத்துறேனே!

டீச்சர்: நீங்க வேலையைத்தான் நிறுத்தியிருக்கீங்க. செவ்வாய்க்கிழமையிலேருந்து.

மேஸ்திரி: அப்ப இந்தப் பவுடர், சென்ட்டு எல்லாம்?

டீச்சர்: அதுவும் இலியட்லயே இருக்கு. 14ஆம் காண்டம். தெய்வங்களுக்கே ராஜாவான ஜீயஸோட பொண்டாட்டி ஹேரா வாசனை எண்ணெய் பூசி, சடை பின்னி, மூணு தொங்கல் வெச்ச கம்மல் போட்டுக் கிளம்புறா. அந்த அலங்காரம் மொத்தத்துக்கும் பேரு காஸ்மோஸ். புருஷன் மயங்கித் தூங்கிட்டான். அந்த கேப்ல கடல் தெய்வம் பொசைடன் புகுந்து டிராய் சண்டையில கிரேக்கர்களுக்குக் கை குடுத்துட்டான்.

மேஸ்திரி: பார்த்தீங்களா, மேல்பூச்சுக்கு எவ்ளோ பவரு!

டீச்சர்: ரொம்பத் துள்ளாதீங்க. ஜெனபோன்னு ஒரு பழைய கிரேக்க எழுத்தாளர் எழுதினதுல ஒரு ஏதென்ஸ்காரி முகத்துல ஈய வெள்ளையை அப்பிக்கிட்டு வந்து நிக்கிறா. புருஷன் கேக்குறான்: உள்ள மரம் வெச்ச சங்கிலியை அசல்னு நான் குடுத்தா ஒத்துப்பியான்னு. அன்னியோட விட்டுட்டாளாம்.

மேஸ்திரி: எழுதினது ஆம்பளதானே?

டீச்சர்: (சிரித்து) ஆமா, அவ பக்கத்து நியாயத்தை யாரு எழுதினா! ஆனா காஸ்மோஸ் அதோட நிக்கல. இந்தப் பிரபஞ்சத்துக்கே அந்தப் பேரை முதல்ல வெச்சது பிதாகரஸ்னு சொல்வாங்க. அவ்வளவு ஒழுங்கா ஓடுதாம்.

மேஸ்திரி: பில்லர் இல்லாமலா?

டீச்சர்: பில்லரே இல்லாம நிக்குது. நீங்க எட்டு பில்லர் போட்டும் என் சுவரு வாயைப் பொளந்துடுச்சு. அதனால விரிசலைக் கொத்தி எடுத்து, கோழி வலை அடிச்சு, புதுசாப் பூசுங்க. அதுதான் நிஜ காஸ்மெடிக்.

மேஸ்திரி: தாராளமாச் செய்யலாம்மா. ஆனா இஞ்சினியர் எஸ்டிமேட் போட்டது இங்கிலீஷ் காஸ்மெடிக்குக்கு. கிரேக்கத்துக்கு ரேட்டு வேற.