நிலாவெளிக்கு நாலு சீசன் போனது

2024இல் இலங்கைக்கு வந்த உல்லாசப் பயணிகள் 20 இலட்சத்தைத் தாண்டினார்கள் என்ற கணக்கைப் போட்டு, "கொரோனாவில் விழுந்த துறையை எப்படித் தூக்கி நிறுத்தினோம் பார்த்தீர்களா" என்று எழுதும் பதிவுகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. சந்தோஷம். எனக்கு ஒரேயொரு கேள்விதான். தூக்கி நிறுத்தியது யாரை?

முதலில் அந்தக் கணக்கையே கொஞ்சம் பார்ப்போம். 2018இல் 23 இலட்சம் பேர் வந்தார்கள். நாட்டுக்கு 4 பில்லியன் டொலருக்கு மேல் வருமானம். வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் காசு, தைத்த ஆடை, அதற்கு அடுத்தபடி சுற்றுலா என்ற இடம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு தாக்குதல். அந்த வருடம் 19 இலட்சமாக இறங்கியது. 2020 மார்ச்சில் விமான நிலையத்தை மூடினார்கள். அந்த வருடக் கணக்கில் இருக்கிற 5 இலட்சத்துச் சொச்சம் பேரும் ஏறக்குறைய எல்லோருமே மூடுவதற்கு முன் வந்தவர்கள். 2021இல் முழு வருடத்துக்கும் 2 இலட்சம் கூட வரவில்லை.

இந்த எண்களைக் கொழும்பில் இருந்து பார்த்தால் இரண்டு வருட நோய், அதற்குப் பிறகு மீட்சி. திருகோணமலையில் இருந்து பார்த்தால் கதை வேறு. தெற்கிலும் மேற்கிலும் சீசன் நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும். எங்கள் பக்கம் சித்திரை வருஷம் கழிந்த பிறகுதான் கடல் அடங்கி, தண்ணீர் தெளியும். மே முதல் செப்டெம்பர் வரை, அவ்வளவுதான். நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா, அறுகம்பை என்று கிழக்கின் கடற்கரைகள் எல்லாவற்றுக்கும் அந்த ஐந்து மாதத்தில் உழைப்பதுதான் வருடம் முழுக்கச் சாப்பாடு.

இப்போது திகதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2019இல் குண்டு வெடித்தது எங்கள் சீசன் தொடங்கப் போகிற வாரத்தில். 2020இல் வெளிநாட்டவருக்கு நாடே பூட்டு. 2021 ஜனவரியில் விமான நிலையத்தைத் திறந்தார்கள், அது தெற்கின் சீசன். எங்கள் முறை வந்த மே மாதத்தில் பயணத்தடை, ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மறுபடியும் ஊரடங்கு. 2022 மார்ச்சில் ஒரு இலட்சத்துக்கு மேல் ஆட்கள் வந்து, அப்பாடா என்று இருந்தது. ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தது. பெட்ரோல் வரிசை, மின்வெட்டு, ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டே போனார். அந்த நிலையில் நிலாவெளிக்கு யார் வருவார்? ஆக, நாலு சீசன் தொடர்ந்து போனது. தெற்கில் ஹிக்கடுவைக்காரருக்கும் அடிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்கு நடுவில் மூச்சு விட ஒன்றிரண்டு மாதங்களாவது கிடைத்தன. நிவாரணத்துக்குத் திட்டம் போட்டவர்கள் இந்த நாட்டுக்கு இரண்டு கரை, இரண்டு சீசன் என்பதைக் கணக்கில் எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு போட்காரர். நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவுக்குப் படகில் ஆட்களை ஏற்றி இறக்குவது தொழில். பெயர் வேண்டாம். 2020இல் அவருடைய ஃபைபர் போட் மணலில் கவிழ்ந்து கிடந்தது. எஞ்சினைக் கழற்றி வீட்டு விறாந்தையில் வைத்திருந்தார். உப்புக் காற்றில் இறுகிவிடும் என்று அவ்வப்போது பரலில் நல்ல தண்ணீர் நிரப்பி, எஞ்சினின் அடிப்பக்கத்தை அதற்குள் இறக்கி, சும்மா ஸ்டார்ட் பண்ணி ஓட விடுவார். எண்ணெய் வீண்தான், ஆனால் எஞ்சின் போனால் எல்லாம் போச்சு. அதன் லீசிங் முடிந்திருக்கவில்லை.

பதிவு செய்த சுற்றுலா வழிகாட்டிகளுக்கு 20,000 ரூபாயும் சாரதிகளுக்கு 15,000 ரூபாயும் ஒருமுறைக் கொடுப்பனவாக அறிவித்தார்கள். நல்ல விஷயம். இவர் வழிகாட்டியும் இல்லை, சாரதியும் இல்லை. தண்ணீருக்குள் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பவளப் பாறையைக் காட்டுகிற இவருடைய உதவியாள் பெடியன் செய்வது வழிகாட்டி வேலைதான், ஆனால் அவனிடம் பதிவு அட்டை இல்லை. எல்லோருக்கும் போல கிராம சேவையாளர் வழியாக வந்த 5,000 ரூபாய்தான் அவர்களுக்கும்.

சரி, சுற்றுலா இல்லையென்றால் மீன் என்று அவர் வலையை எடுத்தார். 2020 ஒக்டோபரில் கொழும்புக்குப் பக்கத்தில் பேலியகொட மீன் சந்தையில் கொரோனாக் கொத்தணி, அதாவது ஒரே இடத்தில் கூட்டமாகத் தொற்று, வெடித்தது. மீன் வாங்க ஆளில்லை, விலை தரைக்கு வந்தது. மீனில் கொரோனா இல்லை என்று காட்டுவதற்காக முன்னாள் மீன்பிடி அமைச்சர் திலிப் வெதஆரச்சி பத்திரிகையாளர் முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நாடே சிரித்தது. போட்காரர் என்னிடம் சொன்னது இது: "தம்பி, வெள்ளைக்காரன் வந்தா கொரோனா எண்டாங்கள். மீனைப் பிடிச்சா மீனில கொரோனா எண்டாங்கள். நான் எதைத்தான் பிடிக்கிறது?"

ஹொட்டல்களில் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள் நிலை பரவாயில்லை என்று நினைக்கலாம். வேலைக்கு அழைக்கப்படாத ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அல்லது 14,500 ரூபாய், எது அதிகமோ அது என்று 2020 மேயில் அரசு, முதலாளிமார், தொழிற்சங்கங்கள் என்ற முத்தரப்பு இணக்கம் வந்தது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஹொட்டல் வேலை தெரிந்தவர்களுக்குத்தான் அதில் உள்ள ஓட்டை தெரியும். ரூம் பாய், வெயிட்டர், சமையல்கட்டில் நிற்பவர், இவர்களுக்கு அடிப்படைச் சம்பளம் சின்னது. குடும்பம் நடப்பது பில்லில் போடும் 10 சதவீத சர்விஸ் சார்ஜைப் பங்கு பிரிப்பதாலும் டிப்ஸாலும். ஆளே வராத ஹொட்டலில் ஏது சர்விஸ் சார்ஜ்? சீசனுக்கு மட்டும் எடுக்கும் பெடியன்களின் கதை இன்னும் மோசம். அவர்களை 2020இல் வேலைக்கு எடுக்கவே இல்லை, எனவே "வேலைக்கு அழைக்கப்படாத ஊழியர்" என்ற கணக்கிலும் அவர்கள் வரவில்லை.

பெரிய உதவி போனது கடனுக்கு. உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு தொடங்கிய கடன் சலுகைக் காலத்தை மத்திய வங்கி திரும்பத் திரும்ப நீட்டியது. நான் இதைக் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் பாதி ஹொட்டல்கள் ஏலத்துக்குப் போயிருக்கும். ஆனால் தவணை நின்றாலும் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. சலுகை முடியும் நேரம் பார்த்து 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டியைத் தீர்மானிக்கும் கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றியது. பெரிய குழுமங்கள் வங்கியோடு பேசிச் சமாளித்தன. நாலு அறை வைத்திருந்த வீட்டுக்காரர் யாரோடு பேசுவார்? கட்டடம் வைத்திருந்தவருக்குக் கடன் சலுகை, கட்டடத்தில் வேலை செய்தவருக்குப் பாதி அடிப்படை, வெளியே நின்றவருக்கு 5,000. துறையைப் பாதுகாத்தோம் என்று சொல்லும்போது இந்த வரிசையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த உக்ரைன் விமானம். 2020 டிசெம்பர் 28ஆம் திகதி தெற்கில் உள்ள மத்தள விமான நிலையத்தில் சுமார் 180 பேர் வந்து இறங்கினார்கள். ரஷ்யாவுக்கான இலங்கையின் முன்னாள் தூதுவர் உதயங்க வீரதுங்க ஏற்பாடு செய்த பரீட்சார்த்தத் திட்டம். வந்தவர்களில் சிலருக்குத் தொற்று என்று தெரிந்தது. அவர்கள் யால வனவிலங்குப் பூங்காவுக்கும் மற்ற இடங்களுக்கும் போனது பெரிய சர்ச்சை. எனக்குக் கோபம் வந்தது உக்ரைன்காரர்கள் மேல் இல்லை. அதே நாட்களில் வளைகுடாவில் வேலை போய், ஊர் திரும்ப முடியாமல் எங்கள் ஆட்கள் விமானத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார்கள். வந்தாலும் பலருக்குச் சொந்தக் காசில் ஹொட்டல் தனிமைப்படுத்தல். வருடா வருடம் சுற்றுலாவை விடக் கூடுதலான டொலர் அனுப்பியவர்கள் அவர்கள்.

உடனே யாராவது மாலைதீவைக் காட்டுவார்கள். அங்கே 2020 ஜூலை 15இலேயே திறந்தார்கள், 2021இல் 13 இலட்சம் பேர் போனார்கள், உண்மை. ஆனால் மாலைதீவில் ஒரு தீவுக்கு ஒரு ஹொட்டல். பயணி விமானத்தில் இறங்கி வேகப் படகில் ஏறினால் பிறகு உள்ளூர் ஊரையே பார்க்க வேண்டியதில்லை. வேலையாட்களும் பெரும்பாலும் அந்தத் தீவிலேயே தங்குகிறார்கள். நோயை வேலி போட்டு நிறுத்தக் கடலே இருக்கிறது. எங்கள் சுற்றுலா அப்படியில்லை. ரயிலில் எல்லவுக்குப் போய், கடையில் ரொட்டி சாப்பிட்டு, ஓட்டோவில் பேரம் பேசி, யாருடைய வீட்டிலோ அறை எடுத்துத் தங்குவதுதான் இங்கே சுற்றுலா. இலங்கையில் தொற்று உறுதியான முதல் இலங்கையர் இத்தாலியக் குழுவோடு போன 52 வயது வழிகாட்டி என்பதிலேயே எல்லாம் இருக்கிறது. இங்கே பயணிகளை ஊரோடு சேரவிடாமல் தனியே வைக்கும் குமிழி கட்டினால் அது பெரிய ஹொட்டலுக்கு மட்டும் பொருந்தும், ஊர் வெளியில் நிற்கும். நடந்ததும் அதுதான். 2021 தொடக்கத்தில் வந்தவர்கள் அனுமதி பெற்ற ஹொட்டல்களுக்குள்ளேயே முதல் 14 நாள் இருக்க வேண்டும் என்றார்கள்.

உண்மையில் நடுவில் எங்களுக்குக் கொஞ்சம் சோறு போட்டது உள்ளூர்ப் பயணிகள். 2020 ஜூலை, ஓகஸ்டில் கட்டுப்பாடு தளர்ந்தபோது கண்டி, குருநாகல், கொழும்பு என்று வான் பிடித்து வந்தார்கள். அரிசி, பானை, காஸ் சிலிண்டர் எல்லாம் கூடவே வரும், கடற்கரையில் குப்பையும் போடுவார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அறை எடுத்தார்கள், போட்டில் ஏறினார்கள். அதற்கு முன் "லோக்கல் ஆட்களா, ரூம் இல்லை" என்று திருப்பி அனுப்பிய முதலாளிமார் அந்த வருடம் வாசலில் நின்று கூப்பிட்டதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. இப்போது வெள்ளைக்காரர் திரும்பிவிட்டார்கள், சில இடங்களில் பழைய பேச்சும் திரும்பிவிட்டது.

அடுத்த தொற்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஆள் விபரத்தை இப்போதே எடுத்து வைக்கலாம். பிரதேச செயலக மட்டத்தில், போட்காரர், சஃபாரி ஜீப்காரர், வீட்டில் இரண்டு அறை வாடகைக்குக் கொடுப்பவர், சீசன் வேலையாள் எல்லோரையும், ஹொட்டல் தரத்தில் ஆயிரம் நிபந்தனை கேட்காமல், ஒரு பக்கப் படிவத்தில் தமிழிலும் சிங்களத்திலும் பதியுங்கள். நிவாரணத்தை அந்தந்தக் கரையின் சீசனைப் பார்த்துக் கொடுங்கள். மே மாதம் கடற்கரையைப் பூட்டினால் கிழக்குக்கு அது வருட வருமானத்தின் பூட்டு.

காசு எங்கே என்று கேட்பார்கள். 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின்படி ஹொட்டல்கள் தங்கள் மொத்த விற்பனையில் 1 சதவீதத்தைச் சுற்றுலா அபிவிருத்தி வரியாகக் கட்டுகின்றன. இதுவும், விமான நிலையத்தில் பயணிகளிடம் எடுக்கும் வரியில் ஒரு பங்கும் சுற்றுலா அபிவிருத்தி நிதியத்துக்குப் போகின்றன. அந்தக் காசு முக்கியமாக விளம்பரத்துக்கும் நிர்வாகத்துக்கும் போகிறது. 20 இலட்சம் பேர் வருகிற நல்ல வருடங்களில் அதில் ஒரு பகுதியைத் தொழிலாளர் நிதியாக ஒதுக்கி வைக்கச் சட்டத்தில் ஒரு சின்னத் திருத்தம் போதும்.