சூரைக் கப்பல்களும் சட்டத்தின் சந்துகளும்

சூரை மீன் (டூனா) தொழிலைப் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு வசனம்தான் கேட்கிறது. ஒன்று, கடலைச் சுரண்டுகிற கும்பல். இன்னொன்று, பாவம், சட்டம் போட்டே அவர்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள். எனக்கு இரண்டிலும் ஒட்டவில்லை. ஒரு பெரிய சூரைக் கப்பலின் கேப்டன் நீரோட்டத்தைப் பார்க்கிற அதே கண்ணால்தான் சட்டத்தையும் பார்க்கிறார். அது எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது? எண்ணாத பக்கமாகத் தொழில் நகர்ந்துவிடும். அதற்காக அவரைத் திட்டிப் பயனில்லை. சட்டம் எழுதுகிறவர்கள் முன்கூட்டியே யோசிக்க வேண்டியது அது.

இந்தியப் பெருங்கடலில் நடந்ததைப் பாருங்கள். மஞ்சள் துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிபடுகிறது என்று, அங்கே மீன்பிடியை நிர்வகிக்கும் பன்னாட்டு ஆணையம் 2017 முதல் அதற்கு வரம்பு வைத்தது. வளர்ந்த மஞ்சள் துடுப்பு பெரும்பாலும் தனிக் கூட்டமாகத் திரியும். ஸ்கிப்ஜாக் என்ற சிறிய சூரையோ, மீனை ஈர்க்கக் கப்பல்காரர்கள் கடலில் விடுகிற மிதவைக்கு அடியில் வந்து கூடும். சரி, மஞ்சள் துடுப்புக்குத்தானே கெடுபிடி என்று, கூட்டத்தை வலையால் வளைத்து அள்ளுகிற சுருக்குமடிக் கப்பல்கள் மிதவைப் பக்கம் இன்னும் சாய்ந்தன. 2018-இல் ஸ்கிப்ஜாக் பிடிபாடு, அதற்கென வைத்திருந்த சுமார் 4.7 லட்சம் டன் வரம்பைத் தாண்டி 6 லட்சத்தைத் தொட்டது. இதில் கொடுமை என்னவென்றால், மிதவைக்கு அடியில் ஸ்கிப்ஜாக்கோடு சேர்ந்து நிற்பது மஞ்சள் துடுப்பின் குஞ்சுகள். எந்த மீனைக் காப்பாற்றச் சட்டம் வந்ததோ, அதன் பிள்ளைகளே வலையில் ஏறின.

மிதவைக்கும் வரம்பு வந்தது. ஒரு கப்பலுக்கு 550, பிறகு 425, 350, 300 என்று இறங்கியது. ஆனால் எண்ணுவது மிதவையை அல்ல, அதில் கட்டியிருக்கும் சிக்னல் கருவியை. சூரிய ஒளியில் ஓடுகிற அந்தக் கருவி, அடியில் எவ்வளவு மீன் நிற்கிறது என்பதைச் செயற்கைக்கோள் வழியாகச் சொல்லும். மிதவை உதவாத பக்கம் போய்விட்டதா? சிக்னலை அணைத்துவிட்டால் அது கணக்கிலிருந்து போய்விடும். மூங்கிலும் கயிறுமாக அந்த மிதவை மட்டும் எங்காவது ஒரு பவளப்பாறையில் போய்ச் சிக்கும். காகிதத்தில் எல்லாம் ஒழுங்கு.

மேற்குப் பசிபிக்கில் எட்டுத் தீவு நாடுகள் சேர்ந்து, டன்னை விட்டுவிட்டு நாட்களை எண்ணின. மீன்பிடி நாட்களுக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, ஒரு நாளுக்குக் குறைந்தது 8,000 டாலர் என்று விற்கிறார்கள். என்னைக் கேட்டால் அருமையான ஏற்பாடு. காலங்காலமாக அற்பத் தொகைக்குத் தங்கள் மீனைக் கொடுத்துவந்த நாடுகளுக்கு அதன்பிறகுதான் கையில் காசு நின்றது. கப்பல்காரர்கள் சும்மா இருப்பார்களா? நாள் விலை ஏற ஏற, ஒரே நாளில் அதிகம் அள்ளுகிற பெரிய கப்பல்தான் லாபம். அதைக் கணக்கில் வைத்து, 80 மீட்டருக்கு மேல் நீளமான கப்பலின் ஒரு நாளை ஒன்றரை நாளாக எண்ணுகிறார்கள். அப்புறம் 'இன்று மீன் பிடிக்கவில்லை, இயந்திரக் கோளாறு' என்று அந்த நாளைக் கணக்கிலிருந்து கழிக்கக் கேட்பவர்களும் உண்டு. கோளாறு எல்லாக் கப்பலுக்கும் வரும்தான், நம்பலாம்!

எல்லாமே ஏமாற்று வேலை என்று சொல்ல வரவில்லை. கிழக்குப் பசிபிக்கில் மஞ்சள் துடுப்பு டால்பின் கூட்டத்துக்கு அடியிலேயே நீந்தும். அதனால் டால்பினையும் சேர்த்து வளைத்தார்கள். 1960-களில் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் செத்தன. வலையைப் பாதி இழுத்ததும் கப்பலைப் பின்னோக்கி ஓட்டினால், வலை நீளமாக இழுபட்டு, கடைசி முனையில் மிதப்புக் கயிறு தண்ணீருக்குள் அமுங்கும். அந்த வழியாக டால்பின் வெளியேறிவிடும், சூரை உள்ளேயே நிற்கும். இதைக் கண்டுபிடித்தது எந்த ஆய்வகமும் அல்ல, மீனவர்கள். அந்த முனையில் டால்பினின் மூக்கு சிக்காதபடி சிறு கண்ணி வலையைச் சேர்த்தவரும் ஹெரால்ட் மெடினா என்ற கேப்டன்தான்.

ஆனால் அந்த வித்தை எல்லாருக்கும் பழக்கமானது சட்டத்தால். 1992-இல் விருப்ப ஒப்பந்தமாகத் தொடங்கி 1999-இல் கட்டாயமான உடன்படிக்கை, ஒவ்வொரு பெரிய கப்பலிலும் ஒரு பார்வையாளரை ஏற்றியது, டால்பின் சாவுக்குக் கப்பல்வாரியாக வரம்பு வைத்தது. உன் கப்பலின் வரம்பு தீர்ந்தால் அந்த ஆண்டு டால்பின் பக்கமே போகக்கூடாது. பக்கத்துக் கப்பல்காரனைக் கைகாட்டித் தப்ப முடியாது. இப்போது ஆண்டுச் சாவு ஆயிரத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ நிற்கிறது. அதே கடலில் 2022 முதல் பெருங்கண் சூரைக்கும் இதே பாணி: ஒரு கப்பல் 1,200 டன்னைத் தாண்டினால், அடுத்த ஆண்டு அது கூடுதல் நாட்கள் கரையில் கிடக்க வேண்டும். நாட்டுக்கு மொத்தமாக ஒரு வரம்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவதைவிட, கப்பல்வாரியாக எண்ணுவதைத்தான் நான் நம்புகிறேன்.

இதெல்லாம் சுருக்குமடிக் கப்பல்களின் கதை. ஆழ்கடலில் ஆயிரங்கால் தூண்டில், அதாவது ஏராளமான கொக்கிகள் தொங்கும் நீளக் கயிறு, போடுகிற கப்பல்களில் பார்வையாளர் கண்காணிக்க வேண்டிய பங்கு பெரும்பாலான சூரை ஆணையங்களில் குறைந்தபட்சம் 5 சதவீதம்தான். மீதியில் கேமரா பொருத்தலாம் என்று ஆண்டுக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை அங்கே யார் எப்படி மாறினார்கள் என்று கப்பல்காரர் எழுதிக்கொடுக்கிற பதிவேட்டைத்தான் நம்பியாக வேண்டும்.