அறுபத்தொரு வயதில் திருத்திய ஐந்து நிமிடம்

ரஷ்யாவில் பிறந்த இசையமைப்பாளர் இகோர் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தத்தின் சடங்கு’ பாலே 1913 மே 29 அன்று பாரிஸில் அரங்கேறியபோது எழுந்த கூச்சலைப் பற்றி, மேற்கத்திய இசை படிக்கிற எல்லோரும் ஒரு தடவையாவது கேள்விப்பட்டிருப்பார்கள். அதே மனிதர் முப்பது வருஷம் கழித்து, 1943இல், அதன் கடைசிப் பகுதியான பலி நடனத்தைத் திருத்தி எழுதினார். இது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் கேட்டவர்கள் குறைவு, ஏனென்றால் அதை வாசிப்பதே அபூர்வம்.

அதைப் பதிவு செய்ய வேண்டும். பழையதையும் புதியதையும் ஒரே ஆர்க்கெஸ்ட்ரா, ஒரே கண்டக்டர் (வாத்தியக் குழுவை நடத்துகிறவர்), ஒரே அரங்கில் வாசித்து ஒரே ஆல்பத்தில் தர வேண்டும்.

வேலூரில் கீபோர்டு வகுப்பு எடுக்கிறேன். கிரேடு பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பலி நடனத்தின் பழைய ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியங்களுக்கும் எழுதிய இசைத்தாளை, காட்டினால் மிரண்டுவிடுகிறார்கள். தாள் முழுக்க செமிகுவேவர், அதாவது இரட்டை வால் போட்ட குட்டிச் சுரக்குறி. ஒவ்வொரு பாருக்கும் (தாளக் கட்டத்துக்கும்) கணக்கு மாறும்: தகிட, தக, தகதகிட என்று எண்ணி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். 1943 வடிவத்தில் செமிகுவேவர் எல்லாம் அதைப்போல இரண்டு மடங்கு நீளமான, ஒற்றை வால் குறியான குவேவர் ஆகிவிட்டது. வேகம் அதேதான், கண்ணுக்குத்தான் காற்றோட்டம். அதோடு நிற்கவில்லை அவர். எந்த வாத்தியத்துக்கு எது என்பதையும் அங்கங்கே மாற்றினார். முப்பது வயதில் எழுதியதை அறுபத்தொரு வயதுக் காது திரும்பக் கேட்டிருக்கிறது. அந்தக் காது என்ன கேட்டது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது.

“காப்புரிமைக்காகச் செய்த வேலை” என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவருடைய பழைய படைப்புகளுக்கு அமெரிக்காவில் உரிமைப் பாதுகாப்பு இல்லை என்பது உண்மைதான். திருத்தி எழுதினால் புது உரிமை கிடைக்கும்; அவரது திருத்தங்கள் பலவற்றுக்கும் அது ஒரு காரணம். சரி, இருக்கட்டும். அவருடைய இன்னொரு பாலே ‘பெட்ருஷ்கா’வின் 1947 வடிவத்தை உலகம் முழுக்க வாசிக்கிறார்களே, அதை யாராவது ஒதுக்கினார்களா? ஆர்க்கெஸ்ட்ரா சிறியது, செலவு குறைவு, அதனால் அது பிழைத்துக்கொண்டது. பலி நடனத்துக்கு அந்த வசதி இல்லை. 1945இல் நியூயார்க்கில் அது மட்டும் தனியாக அச்சானது. முழு பாலேயின் ஸ்கோரோ பழைய முடிவோடுதான் புழங்குகிறது. ஐந்து நிமிடத்துக்காக வேறு தாள் வரவழைத்து, ஊறிப்போன கணக்கை மாற்றி, நூறு பேரைத் திரும்பப் பழக்க எந்த நிர்வாகம் முன்வரும்?

நம் பக்கத்துக் கூத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். பழைய வட ஆற்காட்டில், செய்யாறு பக்கம், பாரதக் கூத்தில் வாத்தியார் ஒரு பாட்டைச் சுருக்குவார், இன்னொன்றை நீட்டுவார், புதிதாக வேஷம் கட்டுகிறவர் குரலுக்கு ஏற்ப மெட்டை இறக்குவார். முகவீணைக்காரர் அங்கேயே பிடித்துக்கொள்வார். முதலில் பாடியதுதான் அசல் என்று அங்கே யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் பதிவு இல்லாததால் எத்தனை மெட்டுகள் வாத்தியாரோடு போய்விட்டன! அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஸ்ட்ராவின்ஸ்கி தாளில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வாசிக்க ஆள் இருக்கிறது, மைக் இருக்கிறது. அப்புறம் என்ன தயக்கம்? பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்கள் வருஷா வருஷம் பழைய முடிவோடு இன்னொரு ‘வசந்தத்தின் சடங்கு’ வெளியிடும்போது, கூடவே இந்த ஐந்து நிமிடத்தையும் கடைசி டிராக்காகச் சேர்க்கட்டும். எது மேல் என்பதை நாங்கள் கேட்டுச் சண்டை போட்டுக்கொள்கிறோம்.