அடுப்படி அல்ஜிப்ரா

டியூட்டரி மாஸ்டர் ஒருவரின் அந்த வொய்ஸ் மெசேஜை இதற்குள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். "அடுப்படியில வெங்காயம் உரிச்சுக்கொண்டு அல்ஜிப்ரா படிப்பிக்கிற அம்மாமார்" என்று மாஸ்டர் சிரிக்கிறார். பின்னால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து சிரிப்பதும் கேட்கிறது. ஆகஸ்ட் லீவில் தரம் 9 பிள்ளையை ஸ்பெஷல் கிளாசுக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்திருந்தால் ஓ.எல்.லில், அதாவது தரம் 11 முடிவில் வரும் பொதுப் பரீட்சையில், தெரியுமாம். சரி மாஸ்டர், தெரியட்டும்.

லீவு முன்னால் ஓடுவதற்கில்லை. பின்னால் போய் எங்கே ஓட்டை என்று பார்ப்பதற்கு. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், சலித்தாலும் பரவாயில்லை. ஸ்பெஷல் கிளாஸ் என்பது தரம் 10 புத்தகத்தின் முதல் அலகுகளை இப்போதே ஓட்டி முடிப்பது. பிள்ளைக்குத் தரம் 7இல் விட்டுப்போனது அப்படியே கிடக்கும்.

உங்கள் பிள்ளையிடம் −3 − 5 எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். −8 என்பதற்குப் பதிலாக 8 என்று சொல்கிற பிள்ளைகள் நிறையப் பேர். "மைனசும் மைனசும் பிளஸ்" என்று பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். அது பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரிய விதி என்பது கழன்று போய்விட்டது. அடைப்புக்குறிக்கு வெளியே 2 நின்றால் முதல் உறுப்பை மட்டும் பெருக்கிவிட்டு இரண்டாவதை அப்படியே விட்டுவிடுவார்கள். இந்தப் பிள்ளை தரம் 10இல் இருபடிச் சமன்பாட்டைப் பிழையாகச் செய்யும்போது இருபடி விளங்கவில்லை என்று இன்னொரு கிளாஸ் போடுவோம். விளங்காதது இருபடி இல்லை, அந்த மைனஸ்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. தரம் 7, 8 கணிதப் புத்தகங்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பின்னம், திசைகொண்ட எண்கள் (பிளஸ், மைனஸ் எண்கள்), அட்சரகணிதக் (அல்ஜிப்ரா) கோவை, எளிய சமன்பாடு, ஒவ்வொன்றிலும் ஐந்து கணக்கு கொடுங்கள். கல்குலேட்டர் வேண்டாம், உதவியும் வேண்டாம். திருத்தும்போது கடைசி விடையை விட்டுவிட்டுப் படிகளைப் பாருங்கள். விடை சரிவராவிட்டால் முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாக, "இதை ஏன் இப்படி எழுதினாய்?" என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்குக் கணக்கு மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை. பிள்ளை சொல்லிக்கொண்டு வரும்போது தடுமாறுகிற இடம்தான் ஓட்டை.

ஒரு கொப்பி வையுங்கள். இடப்பக்கம் பிழைத்த கணக்கு, வலப்பக்கம் ஏன் பிழைத்தது என்று பிள்ளையின் சொல்லிலேயே ஒரு வரி. "கவனக்குறைவு" என்று எழுதவிடாதீர்கள், அது காரணமே இல்லை. மூன்று நாள் கழித்து எண்களை மாற்றி அதே கணக்கைக் கொடுங்கள். காலையில் நாற்பது நிமிடம், பத்து நிமிட இடைவெளி, இன்னொரு நாற்பது. அவ்வளவுதான். காலை ஆறிலிருந்து இரவு ஒன்பதுவரை கலர் பேனையால் டைம்டேபிள் போடுகிற வீடுகளில் அது புதன்கிழமைக்குள் கிழிந்துவிடும். இன்னொன்று, பேனையைப் பிடுங்கி நீங்களே செய்து காட்டாதீர்கள். பிள்ளை தலையாட்டும், நீங்களும் விளங்கிவிட்டது என்று எழும்பிப் போய்விடுவீர்கள்.

வேலைக்குப் போகிற அம்மா என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பகலில் பிள்ளை தனியாகச் செய்யட்டும், இரவில் இருபது நிமிடம் கொப்பியைப் பார்த்தால் போதும். அப்பாவுக்கும் கண் இருக்கிறது. அப்படியென்றால் பள்ளிக்கூடமே வேண்டாம் என்கிறாயா என்று யாராவது வருவார்கள். இல்லை ஐயா. 5 வயதிலிருந்து 16 வரை கட்டாயக் கல்வி என்று சட்டமே இருக்கிறது, நான் லீவைப் பற்றித்தான் கதைக்கிறேன். மாஸ்டர்மாரின் பிழைப்பில் கை வைக்காதே என்பவர்களுக்கு: ஒரு முகநூல் பதிவால் கொழும்பில் எந்த டியூட்டரியும் மூடப்பட்டதாகத் தெரியவில்லை.

லீவில் பிள்ளையோடு உட்கார்ந்து பேசவேண்டிய இன்னொரு விஷயத்தை எந்த ஸ்பெஷல் கிளாசும் தொடாது. ஓ.எல்.லுக்கு ஒன்பது பாடம். ஆறு கட்டாயம், மற்ற மூன்றும் மூன்று தொகுதிகளில் இருந்து ஒவ்வொன்று. கொழும்புத் தமிழ்ப் பிள்ளைக்குச் சிக்கல் முதல் தொகுதியில். இரண்டாம் மொழி சிங்களமும் வணிகக் கல்வியும் புவியியலும் அதே தொகுதியில்தான் இருக்கின்றன, ஒன்றை எடுத்தால் மற்றது போய்விடும். பஸ்ஸில் நன்றாகச் சிங்களம் கதைக்கிற பிள்ளைக்கு அதை எழுத வருமா என்பதை ஒரு பாஸ்ட் பேப்பர் வைத்து வீட்டிலேயே பார்க்கலாம். வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஒரு பையன் ஸ்கூல் வான் வருகிற நேரத்துக்கு எந்த டியூஷன் ஒத்துவருகிறது என்று பார்த்துத் தொகுதிப் பாடம் எடுத்தான். பிள்ளையைக் குறைசொல்ல முடியாது, வீட்டில் யாரும் அவனோடு இருந்து கதைக்கவில்லை.

ஏ.எல்.லில், அதாவது ஓ.எல்.லுக்கு அடுத்த உயர்தரப் பரீட்சையில், என்ன பாடம் வேண்டும் என்று முதலில் ஒரு தாளில் எழுதிவிட்டு, அங்கிருந்து கீழே ஓ.எல்.லுக்கு இறங்கி வாருங்கள். மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். உயிரியல் பிரிவில் பௌதிகத்துக்குப் பதிலாக விவசாயம் எடுக்கலாம், ஆனால் அத்தோடு மருத்துவம் போய்விடும். பொறியியல் என்றால் இணைந்த கணிதம். ஏ.எல். படிக்க ஓ.எல்.லில் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடம் சித்தியடைய வேண்டும், அதில் குறைந்தது மூன்றில் சி தரம். சித்திரத்தில் ஏ வந்தாலும் கணிதம் போனால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளை தரம் 9 முடிய முன்னம் தெரிந்துகொள்ளட்டும். முடிவு பிள்ளையோடு சேர்ந்து எடுங்கள், பிள்ளைக்காக எடுக்காதீர்கள். சித்தப்பா லண்டனிலிருந்து எடுக்கவும் விடாதீர்கள்.

உண்மையில் எனக்குக் கணக்கைவிட அந்தச் சிரிப்புத்தான் தாங்க முடியவில்லை. கிளாஸ் காசைக் கட்டுவதற்காகத் தன் செலவைச் சுருக்கி, பிள்ளை முடிந்து வரும்வரை டியூஷன் ஹோல் வாசலில் வெயிலில் நிற்கிறதும் இதே அம்மாமார்தான் மாஸ்டர். காசு கொண்டுவரும்போது "அம்மா வாங்கோ", ஒரு மாதம் வீட்டில் வைத்துக்கொண்டால் அடுப்படி. எங்களுக்கு ஏ.எல். சான்றிதழ் இருக்கிறதா என்று நீங்கள் கேட்டதே இல்லை. சிலரிடம் பட்டமே இருக்கிறது. இல்லாதவர்களும் பின்னத்தைச் சரியாகப் பங்குபோட்டுத்தான் வீட்டை நடத்துகிறார்கள்.

கீழே வந்து "அம்மாமாருக்கு என்ன தெரியும்" என்று எழுதப்போகிறவர்கள், தரம் 8 புத்தகத்தில் பின்னக் கணக்கு ஒன்றைப் படிகளோடு செய்து, படமெடுத்துப் போட்டுவிட்டு எழுதுங்கள்.