கடை பூட்டியிருந்த வருஷம்

(மாதாமாதம் பணம் கட்டிச் சேர்க்கும் அஞ்சலக ஆர்.டி. திட்டத்தின் முகவர் வசந்தா அக்கா, கையில் கணக்குப் புத்தகக் கட்டோடு சாந்தி வீட்டுத் திண்ணையில்.)

வசந்தா: சாந்தி, இந்த மாதப் பணம்?

சாந்தி: வாருங்கள் அக்கா, காபி போடட்டுமா?

வசந்தா: போன மாதமும் காபிதான் கிடைத்தது.

சாந்தி: என்ன செய்வது? 2020-ல் எப்படிச் சேர்த்தேன் தெரியுமா! அப்போதிருந்த கட்டுப்பாடு இப்போது இல்லை.

வசந்தா: கட்டுப்பாடு உனக்கா, ஊருக்கா? கொரோனா வருஷம் அது. ஜவுளிக்கடை பூட்டு, ஓட்டல் பூட்டு, கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் போகக் கூடாது. மொய் எழுதக்கூட வழியில்லை.

சாந்தி: சிக்கனம் என்றல்லவா நினைத்தேன்!

வசந்தா: நீ மட்டுமா? 2020-21-ல் இந்தியக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு, ஜி.டி.பி.யில், அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில், 11 சதவீதத்துக்கும் மேல். கடையைத் திறந்தார்கள். 2022-23-ல் 5 சதவீதம் அளவுக்கு இறங்கிவிட்டது. ரிசர்வ் வங்கிக் கணக்கு இது.

சாந்தி: எல்லோரும் புடவை எடுத்துவிட்டார்களா?

வசந்தா: புடவை மேல் முழுப் பழியையும் போடாதே. கடனும் ஏறியது. நிகரம் என்றால் சேர்த்ததில் கடனைக் கழிக்க வேண்டும்.

சாந்தி: ஐயோ, கழிப்பதா! வீட்டுக் கடன், வண்டிக் கடன், பிரிட்ஜ் தவணை...

வசந்தா: வீடு பரவாயில்லை. நிதிச் சேமிப்பில் வராவிட்டாலும் சொத்துச் சேமிப்பில் வரும். நகையும் அப்படித்தான்.

சாந்தி: பிரிட்ஜ்?

வசந்தா: செலவு.

சாந்தி: இரட்டைக் கதவு அக்கா.

வசந்தா: நாலு கதவு வைத்தாலும் செலவுதான்.

சாந்தி: சரி, வட்டியாவது ஒழுங்காக வருகிறதா? மாமியார் போட்ட கிசான் விகாஸ் பத்திரம் ஐந்தரை வருஷத்தில் இரட்டித்ததாம்.

வசந்தா: அது 1988-ல் வந்த திட்டம். இப்போது இரட்டிக்க 115 மாதம் ஆகிறது. ஆனால் வட்டி குறைந்தால் எல்லோரும் கையை விரிப்பதில்லை. பெண் கல்யாணத்துக்கு இவ்வளவு வேண்டும் என்று குறித்து வைத்தவர்கள், அந்தத் தொகை குறைந்துவிடுமே என்று கூடுதலாகக் கட்டுகிறார்கள்.

சாந்தி: எனக்குப் பையன்தான். அப்புறம், ஆர்.டி. மேல் கடன் தருவார்களாமே?

வசந்தா: ஒரு வருஷம் கட்டியிருந்தால் இருப்பில் பாதி வரை.

சாந்தி: அதை எடுத்து இந்த மாத ஆர்.டி.யைக் கட்டிவிட்டால்?

வசந்தா: (நீண்ட நேரம் பார்த்துவிட்டு) சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போடு.