பொருளியலில் பக்கக் கணக்குக்குப் புள்ளி இல்லை

"க.பொ.த. உயர்தரப் பொருளியலில் பக்கங்களுக்கே புள்ளி; வரைபடம் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்." திருகோணமலை மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறானது. நம்பியவர்களுக்குத்தான் நட்டம் என்பதால் உறுதியாகவே மறுக்கிறேன்.

பரீட்சைத் திணைக்களம் புள்ளியிடும் திட்டங்களை வெளியிடுகிறது. ஒன்றைப் புரட்டினாலே தெரிந்துவிடும்: வினா சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் புள்ளி. வரைவிலக்கணத்துக்கு இவ்வளவு, வரைபடத்துக்கு இவ்வளவு, விளக்கத்துக்கு இவ்வளவு. ஒரே கருத்தை மூன்று பந்திகளில் எழுதினாலும் புள்ளி அதிகரிக்காது.

ஓர் உதாரணம்: வாடைக்காற்றுக் காலத்தில் நம் கடல் கொந்தளிக்கும், படகுகள் இறங்காது, மீன் விலை ஏறும். இதைப் பலர் வெறும் கதையாக எழுதுகிறார்கள். நிரம்பல் வளையி (விற்போர் ஒவ்வொரு விலையிலும் விற்க முன்வரும் அளவைக் காட்டும் கோடு) இடப்பக்கம் பெயர்கிறது, கேள்வி வளையி (வாங்குவோர் ஒவ்வொரு விலையிலும் வாங்க விரும்பும் அளவைக் காட்டும் கோடு) இருந்த இடத்திலேயே இருக்கிறது, சமநிலை விலை உயர்ந்து சமநிலைத் தொகை குறைகிறது என்று அச்சுகளுக்குப் பெயரிட்டு வரைந்து காட்டுங்கள். நான்கு வரி போதும். விலை ஏறியதால் கேள்வி வளையியையும் இடப்பக்கம் நகர்த்துவதுதான் வழமையான பிழை. அங்கே நிகழ்வது அதே வளையி வழியேயான அசைவு மட்டுமே; அப்படி நகர்த்தினால் விடையே பிழையாகிவிடும்.

தெளிவான எழுத்து நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் கட்டுரை வினாக்களில் மட்டும் மூழ்கி, 50 பல்தேர்வு வினாக்கள் கொண்ட முதலாம் வினாத்தாளைக் கைவிடாதீர்கள். கடந்தகால வினாத்தாளொன்றை நேரம் வைத்துச் செய்து, புள்ளியிடும் திட்டத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.