மூணு வயசுக்கு உட்பட்ட குழந்தைங்க கயித்துக்குள்ள உங்களுக்கு என்னங்க வேலை?

அமெரிக்காவுல ஈஸ்டர் நெருங்குனா போதும், டவுன் பார்க், சர்ச், லைப்ரரின்னு எங்க பாத்தாலும் எக் ஹன்ட்தான், அதாவது பசங்க முட்டை தேடிப் பொறுக்குற விளையாட்டு. உள்ள மிட்டாய், ஸ்டிக்கர் வச்ச பிளாஸ்டிக் முட்டையைப் புல்தரையில இறைச்சு விட்டு, வயசுவாரியா கயிறு கட்டி, விசில் ஊதுவாங்க. பசங்க பொறுக்கணும், அவ்ளோதான் விஷயம். ஆனா இந்த வருஷம் எங்க டவுன்ல நடந்ததைப் பாத்துட்டு வந்து இன்னும் வயிறு எரியுது.

என் பொண்ணுக்கு ரெண்டரை வயசு. இந்த வயசுல குழந்தை எப்படி முட்டை எடுக்கும்? ஒண்ணை எடுக்கும், காதுகிட்ட வச்சு கடகடன்னு ஆட்டும், அங்கயே சப்பணம் போட்டு உக்காந்து திறக்கப் பாக்கும். இவளும் அதேதான், ஒரு மஞ்சள் முட்டையைத் திறந்து உள்ள இருந்த முயல் ஸ்டிக்கரைப் புறங்கையில ஒட்டிட்டு என்னைப் பாத்து சிரிக்கிறா, நிமிர்ந்து பாத்தா சுத்தி ஒரு முட்டை கிடையாது. விசில் ஊதி ரெண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காதுங்க. எல்லாம் அப்பா அம்மாங்க. ஒரு ஆளு ஒரு கையில போன்ல வீடியோ எடுத்துக்கிட்டே இன்னொரு கையால பெரிய மளிகைப் பையில வாரி வாரிப் போடுறார், அவர் குழந்தை கயித்துக்கு வெளிய ஸ்ட்ரோலர்ல தூங்குது! இன்னொரு அம்மா என் பொண்ணு முட்டி பக்கத்துல கிடந்த முட்டையைக் குனிஞ்சு எடுத்துட்டு "ஸாரி ஸ்வீட்டி"ன்னு சொல்லிட்டுப் போறாங்க. ஸாரி சொல்லத் தெரியுதுல்ல, அப்ப அந்த முட்டையை வச்சுட்டுப் போகத் தெரியாதா? அதுல நம்ம ஊர்க்காரங்களும் இருந்தாங்க, அதுதான் இன்னும் மனசு ஆறல.

இது எங்க டவுன் கதை மட்டும் இல்ல. கொலராடோ ஸ்பிரிங்ஸ்ல 2011ல பெத்தவங்களே கயித்தைத் தாண்டி உள்ள பாய்ஞ்சதால 2012ல எக் ஹன்ட்டையே கேன்சல் பண்ணாங்க. 2016ல கனெக்டிகட்ல ஆரஞ்ச்ங்கிற ஊர்ல பெஸ் மிட்டாய் கம்பெனி நடத்தினப்பவும் சொன்ன நேரத்துக்கு முன்னாடியே பெரியவங்க கூட்டமா உள்ள புகுந்து, சின்னப் பசங்க அழுதுக்கிட்டு வெறும் கூடையோட போனது நியூஸ்லயே வந்துச்சு. இத்தனை வருஷம் கழிச்சும் அதே கூத்து.

அப்படி அடிச்சுப் புடிச்சு வாங்கிட்டுப் போற அளவுக்கு உள்ள என்னதாங்க இருக்கு? நாலஞ்சு ஜெல்லி பீன், ஒரு ஸ்டிக்கர். அந்த ஜெல்லி பீனும் இந்த வயசுக் குழந்தைக்குத் தொண்டையில சிக்குற சாமான், குடுக்கவே கூடாது. வெள்ளை மாளிகையில 1878ல இருந்து நடக்குதே எக் ரோல், அதுல முக்கியமான ஆட்டமே நீளக் கரண்டியால அவிச்ச முட்டையைப் புல்லுல உருட்டிட்டு ஓடுறதுதான், அந்த ஆட்டத்துல வாரிக்கிட்டுப் போக எதுவும் கிடையாது. அந்த மாதிரி விளையாட்டு வச்சா என்ன குறைஞ்சு போயிடும்?

நடத்துறவங்க மேலயும் கோவம்தான். ஆளுக்கு இத்தனை முட்டைன்னு போர்டு வச்சா போதுமா? எண்ணிப் பாக்க வாசல்ல ஒரு ஆள் வேணாமா? கயித்தைக் கட்டிட்டு வாலண்டியர் எல்லாம் காபி டேபிள்கிட்ட நின்னா யாரு பயப்படுவா? குழந்தை கையைப் புடிச்சுக்கிட்டு நடக்கிற பெத்தவங்க இருக்கட்டும், தப்பே இல்ல. தனியா பையோட திரியுற பெரியவங்களை நிறுத்துங்க, அந்தப் பையை அங்கயே, எல்லார் முன்னாடியும் புல்லுல திரும்பக் கொட்டச் சொல்லுங்க.